எய்தவனைத் தேடி: வைஃபை டிரைவரில் மெமரி சிதைவைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரு பெல்லந்தூரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) விழும்போது விட்டுச்செல்லும் கிராஷ் பதிவுகள் ஒரே வாரத்தில் மூன்று வந்து சேர்ந்தன. ஒன்று டிசிபி என்ற நெட்வொர்க் அடுக்கில் விழுந்திருந்தது, இன்னொன்று கோப்பு முறைமையில், மூன்றாவது யூஎஸ்பி பக்கம். மூன்றிலும் வைஃபை டிரைவரின் (வைஃபை அட்டையை இயக்கும் நிரல்) பெயர் ஒரு வரியில்கூட இல்லை. ஆனால் மூன்றுமே வைஃபை டிரைவரைப் புதுப்பித்த சர்க்யூட் பலகைகளிலிருந்து வந்தவை. பழைய டிரைவர் ஓடிய பலகைகள் மாதக்கணக்கில் சிணுங்காமல் நின்றன.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். மெமரி சிதைவை, அதாவது ஒரு நிரல் தனக்கு உரியதல்லாத மெமரியில் தவறாக எழுதிவிடுவதை, தேடும் வேலை முழுவதும் அந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். கர்னல் விழுந்த இடம் அம்பு தைத்த இடம். எய்த கை வேறெங்கோ, சில நொடிக்கு முன்போ சில மணி நேரத்துக்கு முன்போ, தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். விழுந்த இடத்தின் நிரலை எத்தனை தடவை வாசித்தாலும் அங்கே தவறு இருக்காது. எய்த நொடியையும் விழுந்த நொடியையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

லினக்ஸ் கர்னலை வைத்தே எழுதுகிறேன். சி மொழியும் கர்னல் தொகுக்கும் முறையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: மரண வாக்குமூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்

விழும்போது கர்னல் சொல்லும் கடைசி வார்த்தைகள் முழுதாகக் கிடைக்காவிட்டால் மற்ற எதையும் தொடங்காதீர்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவார்கள், அதில் நமக்கு வேண்டிய மேல்பாதி ஓடிப்போயிருக்கும். கர்னல் செய்திகளைக் கேபிள் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோல்தான் நம்பகமான வழி. பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் யூஎஸ்பி சீரியல் கேபிள் கிடைக்கும். பலகையின் பின்கள் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் கேபிளை மாட்டிப் பலகையையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீரியல் பின் இல்லாத மடிக்கணினி என்றால் பிஸ்டோர் வசதியை இயக்குங்கள். ரேமூப்ஸ் என்ற பகுதி, மின்சாரம் போகாத மறுதொடக்கத்தைத் தாண்டியும் பதிவை மெமரியில் வைத்திருக்கும். நெட்வொர்க் வழியாகப் பதிவை அனுப்பும் நெட்கன்சோல் போதும் என்று நினைப்பவர்கள் அதை ஈதர்நெட் வழியாக அனுப்புங்கள். சந்தேகத்துக்கு உள்ளான வைஃபையையே சாட்சி சொல்ல அழைக்க முடியாது. கேடம்ப் அமைக்க இடமிருந்தால் கட்டாயம் அமையுங்கள். விழுந்த கணத்தின் முழு மெமரியும் கையில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

பேனிக்_ஆன்_ஊப்ஸ் அமைப்பை 1 ஆக்குங்கள், முதல் ஊப்ஸிலேயே (கர்னல் தனக்குள் கண்ட தவற்றை அறிவிக்கும் செய்தி) அது நின்றுவிடும். முதல் ஊப்ஸுக்குப் பிறகும் கர்னல் தள்ளாடிக்கொண்டே ஓடினால் அடுத்தடுத்து வரும் பதிவுகள் பெரும்பாலும் விளைவின் விளைவுகள். முதல் பதிவைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு பில்டுக்கும் டீபக் தகவலுடன் கூடிய விஎம்லினக்ஸ் (முழு கர்னல்) கோப்பையும் மாட்யூல் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள டீகோட்_ஸ்டாக்டிரேஸ் நிரலுக்கு அவை இருந்தால்தான் முகவரி வரி எண்ணாக மாறும்.

இரண்டாம் படி: பைட்டுகளை முகம்பார்த்து அடையாளம் காணுங்கள்

பதிவு கைக்கு வந்ததும் எல்லோரும் கால் டிரேஸுக்குத்தான் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) ஓடுவார்கள். அதற்கு முன் சிபியூவின் ரெஜிஸ்டர்களில் உள்ள மதிப்புகளைப் பாருங்கள், முக்கியமான சாட்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கர்னலின் மெமரி ஒதுக்கீட்டுப் பகுதியான ஸ்லப்பின் சோதனை வசதி ஸ்லப் டீபக். அதில் பாய்சனிங் இயங்கும்போது, விடுவிக்கப்பட்ட பொருள் (ஒதுக்கிய மெமரித் துண்டு) முழுவதையும் கர்னல் 6பி என்ற ஹெக்ஸ் மதிப்பால் நிரப்பும், கடைசி பைட்டில் மட்டும் ஏ5 வைக்கும். ஆகவே ஒரு பாயின்டரில் 6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்தால், விடுவித்த மெமரியை யாரோ தொட்டிருக்கிறார்கள். ஒதுக்கியும் இன்னும் எழுதப்படாத இடம் 5ஏ. பொருளைச் சுற்றிப் போடும் சிவப்பு வேலி, பொருள் பயன்பாட்டில் இருந்தால் சிசி, இல்லையென்றால் பிபி. இணைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய உறுப்பின் இரண்டு பாயின்டர்களும் 100, 122 என்று முடியும் மதிப்புகளைப் பெறும். 64 பிட் எக்ஸ்86 கணினியில் அவற்றின் தொடக்கத்தில் டிஇஏடி என்ற நான்கு ஹெக்ஸ் எழுத்துகள் நிற்கும். செத்தது என்று எழுதிவிட்டே போகிறது கர்னல். அந்த மதிப்பைப் பார்த்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே எடுத்ததை மறுபடி எடுக்கிறார்கள் அல்லது எடுத்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று பொருள்.

இவை கர்னல் இட்ட அடையாளங்கள். வைஃபைக்கே உரிய கைரேகைகளும் உண்டு, அவற்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

80 00 00 00 என்று தொடங்கி, அடுத்து ஆறு எஃப்எஃப் வந்தால் அது ஒரு பீக்கன் ஃபிரேம். ரவுட்டர் தன் இருப்பை ஊருக்கு அறிவிக்கும் செய்தி. முதல் 2 பைட் ஃபிரேம் வகை, அடுத்த 2 கால அளவு, பிறகு எல்லோருக்கும் என்ற முகவரி. ஏஏ ஏஏ 03 00 00 00 என்று வந்து, தொடர்ந்து 08 00 இருந்தால் ஐபி பாக்கெட். 88 8இ இருந்தால் கடவுச்சொல் கைகுலுக்கலின் பகுதி. டிடி 18 00 50 எஃப்2 02 என்று தொடங்குவது டபிள்யூஎம்எம் உறுப்பு, பீக்கனுக்குள் போக்குவரத்து முன்னுரிமையைச் சொல்லும் துண்டு. அதன் வாலில் பல ரவுட்டர்களில் 03 ஏ4 00 00 27 ஏ4 00 00 42 43 5இ 00 62 32 2எஃப் 00 என்ற 16 பைட் அப்படியே இருக்கும். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

கோப்பு முறைமையின் கட்டமைப்புக்குள் பீக்கனின் துண்டு கிடந்தால் வைஃபை கை வைத்திருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். 

அடுத்து, சிதைந்த முகவரி எந்த ஸ்லாப் கேஷைச் (ஒரே அளவுத் துண்டுகளை ஒதுக்கும் கிடங்கு) சேர்ந்தது என்று பாருங்கள். கேடம்ப் இருந்தால் கிராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவியின் கேமெம் கட்டளை சொல்லிவிடும். எங்கள் மூன்று கிராஷ்களும் விழுந்த இடத்தில் ஒற்றுமையில்லாதவை, ஆனால் சிதைந்த பொருள் மூன்றிலும் 2048 பைட் கேஷில் இருந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்த முதல் பிடி அதுதான். பக்கத்துப் பொருளுக்குள் வழிபவன் தன் அளவுக் கேஷுக்குள்ளேயேதான் பெரும்பாலும் வழிவான். ஆகவே டிரைவரில் 1025 முதல் 2048 பைட் வரை ஒதுக்கும் இடங்களை மட்டும் பட்டியல் எடுத்தோம், பதினொன்று வந்தது. இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க, கட்டளை வரியில் ஸ்லாப்_நோமெர்ஜ் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே அளவுள்ள வெவ்வேறு கேஷ்களைக் கர்னல் ஒன்றாகச் சேர்த்துவிடும்.

மூன்றாம் படி: வியாதி வரும் இடத்துக்குப் போங்கள்

அலுவலகத்தில் ரேடியோ அலை புகாத ஷீல்ட் ரூம் இருந்தது. அதற்குள் மூன்று நாள் ஓட்டினோம், ஒன்றும் விழவில்லை. கூட வேலை செய்யும் தம்பி ஒருவன், சிவகாசிக்காரன், அல்சூரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறான். "அண்ணா, எங்க வீட்டுல வச்சா ஒரு ராத்திரி தாங்காது" என்றான். நான் முதலில் நம்பவில்லை.

அல்சூர் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு ரவுட்டர், கீழே கடைகளில் இன்னும் சில. அவன் ஜன்னலோரம் ஸ்கேன் செய்தபோது 70க்கு மேல் வந்தன. ஷீல்ட் ரூமில் இருந்தவை 2. பலகையை அன்றிரவு அங்கே வைத்தோம். விடியுமுன் இரண்டு தடவை விழுந்தது.

சுத்தமான ஆய்வகத்தில் வைஃபை டிரைவரைச் சோதிப்பது, வெறிச்சோடிய சாலையில் பிரேக்கைச் சோதிப்பது போன்றது. வியாதி நெரிசலில்தான் வரும். உங்களுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்காவிட்டால் நெரிசலை நீங்களே செய்யுங்கள். ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரலைக் கொண்டு ஒரே அட்டையில் பல நெட்வொர்க் பெயர்களை ஒலிபரப்பலாம். மேக்80211_ஹெச்டபிள்யூசிம் மாட்யூல், அட்டையே இல்லாமல் கற்பனை ரேடியோக்களை உருவாக்கித் தரும். ஆனால் அதில் பொது அடுக்கின் நிரல் மட்டுமே சோதிக்கப்படும், உங்கள் அட்டையின் டிரைவர் சோதிக்கப்படாது.

பிறகு டிரைவரைத் தூங்க விடாதீர்கள். 5 நொடிக்கு ஒரு ஸ்கேன், நடுவில் ஐபர்ஃப்3 கருவி உண்டாக்கும் தரவுப் போக்குவரத்து, அதற்கிடையில் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைப்பது, இடைமுகத்தை இறக்கி ஏற்றுவது, போக்குவரத்து ஓடும்போதே மாட்யூலைக் கழற்றுவது, தூங்கவைத்து எழுப்புவது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்கிரிப்டாக எழுதி, எது ஓடும்போது விழுகிறது என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் பலகை ஸ்கேன் மட்டும் ஓடினாலே விழுந்தது, போக்குவரத்து மட்டும் ஓடினால் விழவில்லை. பதினொன்றாக இருந்த பட்டியல் மூன்றாகச் சுருங்கியது. எந்தக் கருவியையும் இன்னும் தொடாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் தெளிவாகத் தெரிந்து, ஒரு இரவுக்குள் விழ வைக்கவும் முடிந்தால் கிட் பைசெக்ட் ஓட்டுங்கள், அது இரண்டுக்கும் நடுவிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தவறு நுழைந்த இடத்தைத் தேடும். எச்சரிக்கை ஒன்று உண்டு. மெமரி சிதைவில் "விழவில்லை" என்பது "நல்லது" ஆகிவிடாது. கட்டமைப்பின் அளவு 8 பைட் மாறினாலே அம்பு வேறு இடத்தில் தைத்து ஓசையில்லாமல் போய்விடும்.

நான்காம் படி: வேலி போடுங்கள், பிறகு காவல் போடுங்கள்

ஸ்லப் டீபக் என்பது வேலி. கர்னல் கட்டளை வரியில் ஸ்லப்_டீபக் என்று எழுதி எஃப், இசட், பி, யூ ஆகிய நான்கு எழுத்துகளையும் கொடுங்கள். எஃப் அடிப்படைச் சோதனைகள், இசட் சிவப்பு வேலி, பி பாய்சனிங், யூ யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார் என்ற பதிவு. நான்கையும் எல்லாக் கேஷ்களுக்கும் போட்டால் சிறிய பலகை மூச்சு வாங்கும், ஆகவே பின்னால் கேஷின் பெயரைச் சேர்த்து அதற்கு மட்டும் போடலாம். நாங்கள் 2048 பைட் கேஷுக்கு மட்டும் போட்டோம்.

அன்றிரவு அல்சூரிலிருந்து வந்த பதிவில் சிவப்பு வேலி உடைந்திருந்தது. சிசி இருக்க வேண்டிய 8 பைட்டில் இருந்தது இது: 03 ஏ4 00 00 27 ஏ4 00 00.

தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது எங்கயோ பாத்த மாதிரி இருக்கே அண்ணா" என்றான். பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பல பீக்கன்களைத் திறந்தால் கடைசியில் தெரியும் டபிள்யூஎம்எம் உறுப்பின் வால்தான் அது. அந்தச் சந்தில் இருந்த யாரோ ஒருவருடைய ரவுட்டரின் பீக்கன், எங்கள் பஃபரின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது.

ஆனால் வேலிக்கு ஒரு குறை. உடைந்ததை உடைத்த நொடியில் அது சொல்லாது. அந்தப் பொருளை ஒதுக்கும்போதோ விடுவிக்கும்போதோதான் கர்னல் வேலியைப் பார்க்கும். உடைத்தவனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காவல் வேண்டும், அதுதான் கேசான், மெமரித் தவறுகளைக் கண்டறியும் கர்னல் கருவி. 2015இல் 4.0 பதிப்போடு கர்னலுக்குள் வந்தது. இதன் பொது வகை, ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் 1 பைட் நிழல் வைத்து, டிரைவர் செய்யும் ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுத்துக்கும் முன் நிழலைப் பார்க்கும்படி கம்பைலரே நிரலைச் செருகிவிடும். மெமரியில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போய்விடும், வேகமும் குறையும். விடுவித்த பொருளை உடனே மறுபடி கொடுக்காமல் கொஞ்ச காலம் தனிமைப்படுத்தி வைப்பதால், விடுவித்த பிறகு தொடும் தவறுகளும் சிக்கும்.

கேசான் அறிக்கையை வாசிக்கும் வரிசை முக்கியம். முதல் வரியில் வகை: விளிம்பு தாண்டியதா, விடுவித்த பிறகு தொட்டதா. அடுத்து வாசிப்பா எழுத்தா, எத்தனை பைட் என்பது. எழுத்து என்றால் எய்தவன் இவனே. வாசிப்பு என்றால் இவன் பாதிக்கப்பட்டவனாகவும் இருக்கலாம். பிறகு மூன்று ஸ்டாக்குகள்: இப்போது தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார். வேலையைப் பின்னால் தள்ளிவைக்கும் வொர்க்கியூ வழியாகவோ ஆர்சியூ வழியாகவோ விடுவித்திருந்தால், அந்த வேலையை வரிசையில் போட்டது யார் என்பதையும் தனியாகக் காட்டும், அதைத் தவறவிடாதீர்கள். கடைசியில் நிழல் மெமரியின் படம் வரும். எஃப்சி என்றால் வேலி, எஃப்பி என்றால் விடுவித்தது, 00 என்றால் முழுதும் தொடலாம், 03 என்றால் அந்த எட்டில் முதல் மூன்றை மட்டும் தொடலாம்.

வழக்கமாகக் கேசான் முதல் தவற்றை மட்டுமே சொல்லும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் கேசான்_மல்டி_ஷாட் என்று கட்டளை வரியில் சேருங்கள்.

வாடிக்கையாளர் வீட்டிலுள்ள கருவியில் கேசான் ஓட்ட முடியாது. அங்கே 5.12 பதிப்பிலிருந்து உள்ள கேஃபென்ஸ் உதவும். இயல்பாக 100 மில்லி நொடிக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் தேர்ந்து காவலுள்ள பக்கத்தில் வைக்கும். ஒரு கருவியில் சிக்க மாதங்கள் ஆகலாம், ஆயிரம் கருவிகளில் ஓடினால் எங்காவது சிக்கிவிடும்.

எங்கள் பலகையில் கேசான் இருபது நிமிடத்தில் பேசியது. ஸ்கேன் நிகழ்வைக் கையாளும் ஃபங்ஷனுக்குள் ஒரு மெம்காப்பி, 2048 பைட் பகுதியின் வலது விளிம்பில்.

ஐந்தாம் படி: காற்றிலிருந்து வரும் நீளத்தை நம்பாதீர்கள்

அந்த நிரல் என்ன செய்தது என்று சொல்கிறேன். அட்டைக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர் தனக்குக் கேட்ட பீக்கன்களை ஒவ்வொன்றாக மேலே அனுப்பும். டிரைவர் அவற்றை ஒரு 2048 பைட் பஃபரில் அடுக்கிக்கொண்டே போய், நிரம்பியதும் மேல் அடுக்குக்குத் தரும். ஒவ்வொரு பீக்கனையும் சேர்க்கும் முன், இதுவரை நிரம்பியதோடு புதிய உறுப்புகளின் நீளத்தைக் கூட்டினால் 2048க்குள் வருகிறதா என்று ஒரு சோதனை இருந்தது. பார்க்க ஒழுங்கான சோதனைதான். ஆனால் நகலெடுக்கும்போது உறுப்புகளோடு 24 பைட் தலைப்பையும் 12 பைட் நிலையான பகுதியையும் சேர்த்து எடுத்தார்கள். அந்த 36 பைட் சோதனையில் இல்லை.

பஃபர் ஏறக்குறைய நிரம்பி, மிச்ச இடம் அந்த 36 பைட் இடைவெளிக்குள் வந்து நின்றால் மட்டுமே வழியும். ஷீல்ட் ரூமில் 2 ரவுட்டர், பஃபர் பாதிகூட நிரம்பாது. அல்சூரில் ஒவ்வொரு ஸ்கேனிலும் பல தடவை நிரம்பும். தம்பி சொன்னதை முதல் நாளே நம்பியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

இந்த வகைத் தவறு வைஃபையில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் 802.11 (வைஃபையின் தரநிலை) ஃபிரேமின் அமைப்பிலேயே இருக்கிறது. பீக்கனின் உள்ளே ஒவ்வொரு உறுப்புக்கும் 1 பைட் அடையாளம், 1 பைட் நீளம், பிறகு தரவு. அந்த நீளத்தை எழுதியவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெருவில் போகிற யாரும் எழுதலாம், அதற்குக் கடவுச்சொல்கூட வேண்டாம், பீக்கன் கேட்கும் தூரத்தில் நின்றால் போதும்.

2022 அக்டோபரில் வெளியான சிவிஇ-2022-41674 என்ற பாதுகாப்புக் குறையை ஒவ்வொரு டிரைவர் பொறியாளரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். சிஎஃப்ஜி80211 என்ற, எல்லா வைஃபை டிரைவர்களுக்கும் பொதுவான அடுக்கில் இருந்தது. பல நெட்வொர்க்குகளை ஒரே பீக்கனில் அறிவிக்கும் உறுப்பைக் கையாளும் இடம். உறுப்பின் நீளத்தோடு தலைப்புக்கான 2ஐக் கூட்டி ஒரு மாறியில் வைத்தார்கள். மாறியின் வகை 8 பிட். நீளம் 254 என்றால் 256 வர வேண்டும், வந்தது 0. ஒதுக்கீட்டுக் கணக்குக்கும் நகலெடுக்கும் கணக்குக்கும் இடையே 256 பைட் வித்தியாசம் விழுந்து, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியது. திருத்தம் மிகச் சிறியது: அந்த மாறியின் வகையை சைஸ்_டி என்று மாற்றினார்கள். இன்னொன்று சிவிஇ-2019-17666. ரியல்டெக் டிரைவரில், வைஃபை டைரக்ட் கருவி தான் எப்போதெல்லாம் தூங்கும் என்று அறிவிக்கும் உறுப்பு. எதிராளி சொன்ன நீளத்திலிருந்து கணக்கிட்ட பதிவுகளின் எண்ணிக்கையை, வரிசையில் எத்தனைக்கு இடமிருக்கிறது என்று ஒப்பிடாமலே ஏற்றுக்கொண்டது நிரல்.

ஆகவே ஸ்கேன், இணைப்பு, ஃபர்ம்வேர் நிகழ்வு ஆகிய மூன்று வழிகளிலும் உள்ளே வரும் ஒவ்வொரு நீளத்துக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். கூட்டும்போது மாறியின் வகை போதுமா? கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய் மாபெரும் எண்ணாகிவிடுமா? சோதித்த நீளமும் நகலெடுத்த நீளமும் ஒன்றேதானா? சோதித்த பிறகு அதே இடத்திலிருந்து நீளத்தை மறுபடி வாசிக்கிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. ஃபர்ம்வேரோடு பகிர்ந்த மெமரி என்றால் இரண்டு வாசிப்புக்கும் நடுவில் மதிப்பு மாறிவிடலாம். ஃபர்ம்வேர் நம் நிறுவனத்திலேயே எழுதியதுதானே என்ற வாதத்தை ஏற்காதீர்கள், அதுவும் காற்றில் வந்ததைத்தான் மேலே தள்ளுகிறது.

ஆறாம் படி: கேசான் வாய் திறக்காவிட்டால்

சிதைவு இருக்கிறது, கேசான் ஓடுகிறது, ஆனால் அது ஒன்றும் சொல்லவில்லை. அப்போது எழுதியது சிபியூ அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். அட்டை தானே டிஎம்ஏ வழியாக, சிபியூவைத் தொடாமல், மெமரியில் எழுதும்போது கம்பைலர் செருகிய காவலர் யாரும் அந்தப் பாதையில் இல்லை.

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த முறை ஒன்று. சிதையும் முகவரி ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே அமைந்தால், பெர்ஃப் கருவியால் அந்த முகவரிக்கு வன்பொருள் வாட்ச்பாயின்ட் வையுங்கள், சிபியூ அங்கே எழுதினால் அது கூப்பிடும். எக்ஸ்86 சிபியூவில் நான்கு வைக்கலாம். மதிப்பு மாறியது, வாட்ச்பாயின்ட் கூப்பிடவில்லை என்றால் எழுதியது பெரும்பாலும் சாதனம்தான். முகவரி நிலையாக இல்லாவிட்டால் கட்டளை வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி=ஃபோர்ஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அட்டைக்கு இடைப்பட்ட பஃபரை மட்டும் காட்டி, பிறகு சரியான அளவை மட்டும் நகலெடுக்கும். சிதைவு நின்றுவிட்டால் டிஎம்ஏ மேல் சந்தேகம் வலுக்கும். நேரக்கணக்கும் மாறுவதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ இருந்தால் இயக்குங்கள், ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1 என்பதோடு. அந்த அமைப்பு இல்லாவிட்டால் அன்மேப் செய்த (சாதனத்தின் அனுமதியை நீக்கிய) பிறகும் சிறிது நேரம் கதவு திறந்தே இருக்கலாம். ஐஓஎம்எம்யூ காவல் பக்க அளவில்தான், அதாவது பெரும்பாலும் 4 கேபி. ஒரே பக்கத்துக்குள் 10 பைட் வழிந்தால் அதற்கும் தெரியாது. டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் அமைப்பையும் சேர்த்தால், மேப் செய்த அளவும் அன்மேப் செய்த அளவும் மாறுபடும் இடங்களை அது கத்திச் சொல்லும்.

இங்கே அடிக்கடி பார்ப்பது இரண்டு.

ஒன்று, பெறும் பஃபர் சிறியது. எஸ்கேபியின் (கர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் கட்டமைப்பு) தரவுப் பகுதி முடிந்ததும் அதை ஒட்டியே எஸ்கேபி_ஷேர்டு_இன்ஃபோ என்ற கட்டமைப்பு உட்கார்ந்திருக்கும். அதன் முதல் 4 பைட்டுக்குள்ளேயே எத்தனை துண்டுகள் என்ற எண் இருக்கிறது. அட்டை 3 பைட் கூடுதலாக எழுதினால் போதும், அந்த எண் கெட்டுவிடும். பாக்கெட் மேலே போய், டிசிபி அதை விடுவிக்கும்போது இல்லாத துண்டுகளைத் தேடி எஸ்கேபி_ரிலீஸ்_டேட்டாவில் விழும். வழக்கமான உச்சவரம்பு 17, அங்கே 200 என்று இருந்தால் இதுதான் வியாதி. பஃபர் அளவைக் கணக்கிட்டவர் எதை மறந்தார் என்று பாருங்கள்: அட்டை முன்னால் வைக்கும் டிஸ்கிரிப்டர் (பாக்கெட் விவரக் குறிப்பு), சிசிஎம்பி என்ற மறையாக்கத்தின் தலைப்பு 8 பைட், அதன் சரிபார்ப்பு 8, கடைசியில் பிழை கண்டறியும் எஃப்சிஎஸ் 4. பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டும் ஏ-எம்எஸ்டியூ வந்தால், 802.11என் முறையில் ஒரே பாக்கெட் 3839 அல்லது 7935 பைட் வரை நீளும் என்பதை மறந்தவர்களும் உண்டு.

மற்றொன்று, அட்டையை நிறுத்தாமலே பெறும் பஃபர்களின் வளையத்தை விடுவிப்பது. மாட்யூல் போய்விட்டது, மெமரி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அட்டை மட்டும் பழைய முகவரிக்கே பீக்கன் எழுதிக்கொண்டிருக்கும். ஸ்லப் பாய்சனிங்கில் இது அழகாகத் தெரியும். 6பி நிரம்பியிருக்க வேண்டிய இடத்தின் நடுவில் 80 00 00 00, பிறகு ஆறு எஃப்எஃப்.

டிஸ்கிரிப்டரில் உரிமை பிட்டை (அது இப்போது அட்டையிடமா, டிரைவரிடமா என்ற குறி) வாசித்த பிறகு, வாசிப்பின் வரிசையைக் காக்கும் டிஎம்ஏ_ஆர்எம்பி இல்லாமல் நீளத்தை வாசிக்கும் டிரைவர்களையும் கவனியுங்கள். எக்ஸ்86இல் வருடக்கணக்கில் சரியாக ஓடும், ஆர்ம் பலகைக்கு வந்ததும் பழைய நீளத்தை வாசித்துத் தடுமாறும்.

ஏழாம் படி: யார் முதலில் போக வேண்டும்

விடுவித்த பிறகு தொடும் தவறுகளில் பெரும்பகுதி பிரியும் நேரத்தில் நடப்பவை. இணைப்பு துண்டிக்கும்போது, ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, மாட்யூலைக் கழற்றும்போது.

பல டிரைவர்களுக்கு மேலுள்ள பொது வைஃபை அடுக்கான மேக்80211இல், ஐஇஇஇ80211_ஃபைன்ட்_எஸ்டிஏ தரும் எதிர்முனை நிலையத்தின் பாயின்டர் ஆர்சியூ வாசிப்புப் பூட்டுக்குள் மட்டுமே உயிருள்ளது. அதை டிரைவர் தன் கட்டமைப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பாக்கெட் அனுப்பி முடிந்த செய்தி வந்ததும் தொட்டால், அதற்குள் அந்த நிலையம் நீங்கியிருக்கலாம். பாயின்டரை வைக்காதீர்கள், எண்ணை வையுங்கள். செய்தி வந்ததும் எண்ணைக் கொண்டு மறுபடி தேடி எடுங்கள்.

கழற்றும் வரிசையைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் மேல் அடுக்கிலிருந்து பதிவை நீக்கிப் புதிய வேலை வராமல் செய்யுங்கள். பிறகு அட்டையின் டிஎம்ஏவையும் குறுக்கீட்டையும் நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் குறுக்கீடு முடியும்வரை காத்திருங்கள். அதன் பின் நாப்பி அல்லது டாஸ்க்லெட் (குறுக்கீட்டுக்குப் பிறகு ஓடும் வேலைகள்), அடுத்து டைமர், வொர்க். மெமரியை விடுவிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. டைமர் வொர்க்கை எழுப்பி, வொர்க் மறுபடி டைமரை வைக்கும் ஜோடி இருந்தால் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது உயிர்ப்பித்துவிடும். 6.2 பதிப்பில் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் இதற்காகவே உள்ளது, அதன் பிறகு அந்த டைமரை யாராலும் மறுபடி வைக்க முடியாது.

எஸ்கேபியில் ஒவ்வொரு அடுக்கும் தற்காலிகக் குறிப்பு வைக்கும் சிபி பகுதி 48 பைட் மட்டுமே, மேக்80211 அதை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறது. டிரைவர் தன் தகவலை அதில் திணித்தால் அடுத்த புலத்துக்குள் போய்விடும். ஒரே பொருளுக்குள் நடப்பதால் கேசானும் பார்க்காது. அளவைச் சோதிக்கும் பில்ட்_பக்_ஆன் ஒரு வரி போட்டுவிட்டால் தொகுக்கும்போதே சிக்கும்.

எட்டாம் படி: திருத்தியதை நிரூபியுங்கள்

எங்கள் திருத்தம் ஒரே வரி: சோதனையில் 36ஐச் சேர்த்தோம். அதை அன்றே அனுப்பிவிடவில்லை. முதலில் திருத்தத்தோடு கேசான் பில்டை அல்சூரில் மூன்று இரவு ஓட்டினோம். நான்காம் இரவு திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, வேறெதையும் தொடாமல், அதே ஜன்னலோரம் வைத்தோம். இருபத்தைந்தாம் நிமிடத்தில் கேசான் அதே வரியில் பேசியது. மறுபடி திருத்தத்தைச் சேர்த்ததும் அடங்கியது. எடுத்தால் விழுகிறது, சேர்த்தால் நிற்கிறது என்று இரு பக்கமும் பார்த்த பிறகுதான் அது திருத்தம். இல்லாவிட்டால் அம்பை வேறு திசைக்குத் திருப்பிவிட்டிருக்கக்கூடும்.

பிறகு அதே கோப்பில் அதே மாதிரி சோதனை வேறெங்கும் உண்டா என்று தேடினோம். ஒருவர் ஒரு தவற்றை ஒரே இடத்தில் மட்டும் செய்வது அபூர்வம். புரோப் பதிலைக் (ஸ்கேன் கேள்விக்கு ரவுட்டர் தரும் விடை) கையாளும் ஃபங்ஷனிலும் அதே 36 விடுபட்டிருந்தது. தம்பி அதற்குத் தனி பேட்ச் எழுதினான். விளக்கத்தில் கேசான் அறிக்கையின் தேவையான பகுதி, எத்தனை பைட் வழியும் என்ற கணக்கு, எந்தச் சூழலில் விழ வைக்கலாம் என்ற குறிப்பு, தவறு நுழைந்த கமிட்டைச் சுட்டும் ஃபிக்ஸஸ் வரி, பழைய பதிப்புகளுக்கும் போக ஸ்டேபிள் அஞ்சல் முகவரி எல்லாம் வைத்தான். இரண்டும் ஒரே நாளில் மேலே போயின. பலகை இன்னும் அவன் வீட்டு ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஒவ்வொரு புதிய டிரைவர் பதிப்பும் வெளியே போகும் முன் அங்கே ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிறது.